மௌசலில் விளக்கணைந்த ஒரு மணி நேரம்

லண்டனில் இருக்கும் அக்கா வீட்டில் மூன்று மாதம் நின்றுவிட்டு ஊருக்கு வந்து இரண்டு கிழமை ஆகிறது. மாங்கேணியில் இப்போது வாடைக்காற்று. கடல் கறுத்துக் கிடக்கிறது. தோணிகளைக் கரையில் ஏற்றி வைத்துவிட்டு, தொழிலுக்குப் போக முடியாத ஆண்கள் வாடிக்குள் இருந்து வலை பொத்துகிறார்கள். பொழுது போகவேண்டுமே, என்னைக் கண்டதும் எல்லாரும் லண்டன் கதை கேட்கிறார்கள். குளிர் எப்படி, சம்பளம் எப்படி, அரண்மனை பார்த்தியா, மணிக்கூட்டுக் கோபுரம் பார்த்தியா.

தம்பியின் மகன் மட்டும் வேறு மாதிரிக் கேட்டான். பத்து வயதுப் பிள்ளை.

"மாமி, வெள்ளக்காரங்க ஊட்டுக்குள்ள எப்பிடி இரிப்பாங்க? நம்மட ஆக்கள் மாதிரியா?"

"மறுகா சொல்றன் மனே" என்றேன். அவனுக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக வரும். பொறுமையாக வாசியுங்கள்.

பெயர்களாக மட்டும் தெரிந்தவர்கள்

எங்கள் தலைமுறைக்கு இங்கிலீசுக்காரர் என்றால் அவர்கள் விட்டுவிட்டுப் போன பெயர்கள்தான். 1814இல் மட்டக்களப்புக்கு வந்த வில்லியம் ஓல்ட் பாதிரியார், அடுத்த வருடமே இங்கே இறந்துபோனார். அவர் தொடங்கிய பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. கல்லடியில் 1924ஆம் ஆண்டுப் பழைய இரும்புப் பாலத்துக்கு ஆளுநர் மனிங்கின் மனைவி பெயர், லேடி மனிங் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் திறந்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை. வாவியில் மீன் பாடுகிறது என்று நாங்கள் வழிவழியாகச் சொல்லி வந்ததை 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எமர்சன் டெனண்ட் தன் இலங்கை நூலில் எழுதினார்.

பிறகு ஹேர்மஸ். அது எங்கள் கடலுக்குள் கிடக்கிற பெயர். அதற்குக் கீழே வருகிறேன்.

ஒன்றை முதலில் சொல்லவேண்டும். எங்களுக்கு எல்லா வெள்ளைக்காரரும் ஒன்று. அங்கே அப்படி இல்லை. 1867இல் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்ட ஜேம்ஸ் டெய்லர் ஸ்கொட்லாந்துக்காரர். அவரை இங்கிலீசுக்காரர் என்று அவருடைய ஊரில் சொன்னால் ஏற்கமாட்டார்கள். ஸ்கொட்லாந்துக்காரரும் வேல்ஸ்காரரும் தங்கள் கொடி, பாட்டு, உடுப்பு என்று பெருமையாகச் சொல்லுவார்கள். இங்கிலாந்துக்கு என்று தனியாக ஒரு தேசிய கீதம் கூடக் கிடையாது. முழு ஐக்கிய இராச்சியத்துக்கும் உரிய கீதத்தையே பாடுகிறார்கள். அவர்களுடைய காவல் புனிதர் ஜோர்ஜின் நாள் ஏப்ரல் 23. அன்றைக்கு அரசாங்க விடுமுறையும் இல்லை. அப்படியென்றால் இவர்களுடைய பண்பாடு எங்கே இருக்கிறது என்று நானும் தேடினேன். அக்காவின் பக்கத்து வீட்டில் அது இருந்தது.

மழையைப் பற்றிப் பேசுகிற சனம்

பக்கத்து வீட்டில் எண்பது வயது தாண்டிய ஒரு அம்மா தனியாக இருக்கிறார். நான் போன முதல் மூன்று கிழமையும் வேலிக்கு மேலால் அவர் பேசியது காலநிலை மட்டும்தான். இன்றைக்குக் குளிர் கூட, நாளைக்கு மழை வரும்போல. குடும்பம் என்ன, எத்தனை பிள்ளை, என்ன சம்பளம் என்று நம்மூரில் முதல் நாளே கேட்டு முடித்துவிடுவார்கள். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மனதில் அன்பில்லாதவராக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அது தவறு.

அக்காவின் மாமனார் போன வருடம் இறந்தபோது நடந்ததை அக்கா சொன்னாள். இந்த அம்மா ஒரு பாத்திரத்தில் சூப் கொண்டுவந்து வாசலில் தந்துவிட்டு, இரண்டே வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். ஆனால் குப்பை வண்டி வருகிற நாளில் அக்கா வீட்டுத் தொட்டிகளைத் தெருவுக்கு இழுத்துப்போய் வைத்ததும், பிறகு கழுவித் திருப்பிக் கொண்டுவந்ததும் அவர்தான். இரண்டு மாதம் அப்படிச் செய்தார். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்று அயலவர் சோறு சமைத்துக் கொண்டுவருகிற ஊர் எங்களுடையது. எங்களுடைய அழுகை வாய்விட்டு வரும். அவர்களுடைய துக்கம் கைவேலையாக வரும். அதன் உள்ளே இருப்பது ஒன்றுதான்.

காலநிலைப் பேச்சுக்கும் ஒரு வேர் இருக்கிறது. அந்த அம்மாவின் குசினியில் ஒரு பழைய வானொலி. பிபிசியில் கடலோடிகளுக்கான வானிலை அறிக்கை போகும்போது அதைக் கூட்டி வைப்பார். டொகர், ஃபிஷர், ஜேர்மன் பைட் என்று தீவைச் சுற்றிய 31 கடற்பகுதிகளின் பெயரும், காற்றும், மழையும், பார்வைத் தூரமும், ஒரே தாளத்தில் வாசிப்பார்கள். கடலுக்கே போகாதவர்கள் கூட அதைக் கேட்டுவிட்டுப் படுக்கிறார்கள். 1859 ஒக்டோபரில் ரோயல் சார்ட்டர் என்ற கப்பல் வேல்ஸ் கரையோரம் புயலில் உடைந்து 400 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் ரொபர்ட் ஃபிட்ஸ்ரோய் என்ற கடற்படை அதிகாரி தந்தி மூலம் புயல் எச்சரிக்கை அனுப்பும் முறையை 1861இல் தொடங்கினார். இன்று அந்த 31 பகுதிகளில் ஒன்றுக்கு அவருடைய பெயர். பத்துப் பேர் மழையைப் பற்றிப் பேசினால் அது வெறும் பேச்சு. ஒரு தீவே பேசினால், அதற்குள் கடலில் போனவர்களின் நினைவு இருக்கிறது. மாங்கேணியில் பிறந்தவளுக்கு இது விளங்காமல் போகுமா?

ஒரு நாள் தேத்தண்ணி குடிக்க வரச்சொன்னார். பால் விட்ட தேத்தண்ணி, பக்கத்தில் பிஸ்கட். இரண்டாவது கோப்பையில்தான் கணவரைப் பற்றிச் சொன்னார். "அவரைப் பார்க்க வருகிறீர்களா?" என்று கேட்டுவிட்டு, என்னை அருகில் இருக்கிற பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். குளத்தைப் பார்த்தபடி ஒரு மர வாங்கு. முதுகுப் பலகையில் சிறிய பித்தளைத் தகடு. அதில் கணவரின் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, அவருக்குப் பிடித்த இடம் இது என்று ஒரு வரி. இருவரும் அந்த வாங்கில் இருந்து குளத்தில் தாராக்களைப் பார்த்தோம். அவர் அழவில்லை. என் கையை மட்டும் ஒரு தரம் பிடித்துவிட்டு விட்டார்.

அதற்குப் பிறகு போகிற இடமெல்லாம் வாங்குகளைப் பார்க்கத் தொடங்கினேன். பூங்கா, ஆற்றங்கரை, குன்றின் உச்சி, கடற்கரை எங்கும் தகடுகள். ஒரு ஆசிரியை, ஒரு தபால்காரர், நாயோடு தினமும் நடந்த ஒருவர். அரசர்களும் தளபதிகளும் சிலையாக நிற்கிற அதே நாட்டில், சாதாரண சனம் தங்கள் ஆட்களைக் களைத்தவர் இருக்கிற இடமாக வைத்திருக்கிறது.

ஊருக்கு ஒரு கல்

கார்த்திகை தொடங்கியதும் எல்லார் நெஞ்சிலும் சிவப்புக் கடதாசிப் பூ. 1921இல் தொடங்கிய வழக்கம். பூ விற்ற காசு படையில் இருந்தவர்களுக்கும் அவர்களின் குடும்பங்களுக்கும் போகிறது. நவம்பர் 11, காலை 11 மணிக்கு இரண்டு நிமிட மௌனம். முதல் உலகப் போர் ஓய்ந்த நேரம் அது. 1919இல் இருந்து கடைப்பிடிக்கிறார்கள்.

அக்கா இருக்கும் பக்கத்தில் தேவாலய முற்றத்தில் ஒரு கல் நிற்கிறது. அந்தச் சின்ன இடத்தில் இருந்து போருக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயர்கள். பதவி எழுதவில்லை. அகர வரிசையில் இருக்கிறது, பண்ணைக் கூலியும் பெரிய வீட்டுப் பிள்ளையும் பக்கத்தில் பக்கத்தில். ஒரே குடும்பப் பெயர் மூன்று தரம் வருகிறது. அந்த வீட்டுத் தாயை நினைத்துக்கொண்டு நின்றேன். இங்கிலாந்தில் இந்தக் கல் இல்லாத ஊரைக் காண்பது அரிது. முதல் போருக்குப் போன எல்லாரும் உயிரோடு திரும்பிய ஊர்கள் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக ஐம்பது சொச்சம்தான். அவற்றை நன்றியுள்ள ஊர்கள் என்று சொல்லுகிறார்கள்.

டிசம்பரில் அக்காவும் நானும் ரயிலில் மேற்கே போனோம். வழியில் பிளிமத்தில் இறங்கினோம். நான் கேட்டுத்தான் இறங்கினோம், ஹேர்மஸுக்காக.

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்காக ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, யப்பானியர் கொழும்பில் குண்டு போட்டார்கள். 9ஆம் திகதி திருகோணமலை. தாக்குதல் வருகிறது என்று தெரிந்து முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளிக்கிட்ட கப்பல்களில் ஒன்று ஹேர்மஸ். விமானம் ஏற்றுவதற்கென்றே வடிவமைக்கத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. அன்றைக்கு அதில் ஒரு விமானமும் இல்லை. மட்டக்களப்புக்கு நேரே கடலில் குண்டு விழுந்து, சில நிமிடங்களில் மூழ்கியது. 307 பேர் செத்தார்கள். கப்பல் தலைவர் ஒன்ஸ்லோவும் அதில். வீட்டா என்ற மருத்துவக் கப்பல் நூற்றுக்கணக்கானவர்களைத் தூக்கிக் காப்பாற்றியது. அன்றைக்கே மூழ்கிய பிரிட்டிஷ் சார்ஜன்ட் என்ற எண்ணெய்க் கப்பல் பாசிக்குடாவுக்கு வடக்கே எங்கள் பக்கத்துக் கடலில் கிடக்கிறது. நூறு பாகம் தள்ளி வலை விட்ட தம்பியின் வலை ஒரு தரம் எதிலோ சிக்கிக் கிழிந்தபோது, "வெள்ளக்காரன்ட கப்பல் புடிச்சிட்டுதுகா" என்றார்கள் ஊரில்.

கடலோடு போன கடற்படை ஆட்களுக்குக் கல்லறை இல்லை. அவர்களுக்காகப் பிளிமத், போர்ட்ஸ்மத், சாத்தம் என்ற மூன்று துறைமுகங்களில் நினைவுத் தூண்கள் இருக்கின்றன. பிளிமத் தூணில் இரண்டு போருக்குமாக 23,000க்கு மேற்பட்ட பெயர்கள். ஹேர்மஸில் போன பலரின் பெயர் அங்கேதான். 1942 என்று போட்ட பலகைகளின் முன்னால் நானும் அக்காவும் நின்றோம். காற்று முகத்தில் அடித்தது. எங்கள் கடலுக்குள் எண்பது வருடமாகக் கிடக்கிறவர்களின் பெயரை, அவர்களுடைய கடலைப் பார்த்தபடி வாசித்தோம். அக்கா மெதுவாகச் சொன்னாள்: "நம்மட சித்தப்பாட பேர் எங்க எழுதி இரிக்கி?"

சித்தப்பா 78 சூறாவளியில் போனவர். நவம்பர் 23. உடலும் கிடைக்கவில்லை.

மௌசல்

பென்சான்ஸ் ரயில் பாதையின் முடிவு. அதற்குப் பக்கத்தில் மௌசல் என்ற மீனவ ஊர். எழுத்தில் எலி வளை என்று எழுதுகிறார்கள், வாயில் மௌசல் என்று வருகிறது. இது கோர்ன்வோல். நாங்கள் கோர்ன்வோல்காரர், இங்கிலீசுக்காரர் இல்லை என்று சொல்லுகிறவர்கள் அங்கே உண்டு. அவர்களுக்கென்று பழைய மொழி ஒன்றும் இருக்கிறது. வாகரைப் பக்கத்தில் வேடர் வழிவந்த குடும்பங்களோடு வளர்ந்த எங்களுக்கு, ஒரு பெரிய பெயருக்குள் சின்னப் பெயர்கள் இருப்பது புதிதில்லை.

சின்னத் துறை, கல் சுவர், நெருக்கமான வீடுகள். டிசம்பர் 23இல் அங்கே ஒரு கொண்டாட்டம். கடும் புயலில் ஒருவரும் கடலுக்குப் போகாமல் ஊர் பட்டினி கிடந்தபோது, டொம் போக்கொக் என்ற மீனவன் தனியாகப் போய் மீன் கொண்டுவந்தானாம். அவன் நினைவாகச் சாளை மீனின் தலைகள் மாவுக்கு வெளியே வானத்தைப் பார்க்கும்படி வைத்து ஒரு பண்டம் சுடுகிறார்கள். கடையில் இருந்த அம்மா இந்தக் கதையைச் சொன்னபோது, தோணி நிறைய மீனோடு கரைக்கு வந்த எங்கள் ஆட்களின் முகங்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

நாங்கள் போனது டிசம்பர் 19ஆம் திகதிக்காக.

1981இல் அதே நாள் இரவு. யூனியன் ஸ்டார் என்ற புதுச் சரக்குக் கப்பல், முதல் பயணம். எரிபொருளில் கடல்நீர் கலந்து இயந்திரம் நின்றுவிட்டது. கப்பலில் எட்டுப் பேர், தலைவரின் மனைவியும் அவருடைய இரண்டு பெண் பிள்ளைகளும் உட்பட. ஹெலிகொப்டர் வந்தும் காற்றில் ஒருவரையும் தூக்க முடியவில்லை. மௌசலுக்குப் பக்கத்தில் பென்லீ முனையில் அப்போது ஒரு உயிர்காப்புப் படகு நிலையம் இருந்தது. அந்தப் படகில் போகிறவர்கள் அரசாங்க ஆட்கள் இல்லை. 1824இல் வில்லியம் ஹிலரி தொடங்கிய உயிர்காப்புப் படகுச் சங்கம் அது. சனம் உண்டியலில் போடுகிற காசில் நடக்கிறது, படகில் போகிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் இல்லாத ஊராட்கள்: மீனவர், கடைக்காரர், தச்சர். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலுமாக 230க்கு மேற்பட்ட நிலையங்கள். இன்று வரை 1,40,000க்கு மேற்பட்ட உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். யார், எந்த நாடு என்று கேட்பதில்லை.

அன்றைக்கு அழைப்பு வந்ததும் தேவைக்கு அதிகமான ஆட்கள் ஓடிவந்தார்கள். படகுத் தலைவர் ட்ரெவெல்யன் ரிச்சர்ட்ஸ் எட்டுப் பேராகப் புறப்பட்டார். ஒரு வீட்டில் இருந்து ஒருவருக்கு மேல் வேண்டாம் என்று, தகப்பன் ஏறிய படகில் மகனை ஏறவிடவில்லை. ஊர்த் தவறணைக்காரர் ஒருவரும் போனார். சொலமன் பிரவுன் என்ற அந்த மரப் படகு, வீட்டுக் கூரைக்கு மேலான அலைக்குள் கப்பலோடு ஒட்டி நின்று நான்கு பேரை எடுத்துவிட்டதாக வானொலியில் சொன்னது. அதற்குப் பிறகு சத்தம் இல்லை. கப்பலில் எட்டு, படகில் எட்டு. பதினாறு பேரும் போய்விட்டார்கள்.

அடுத்த நாளே புதிதாக ஒரு படகுக் குழுவுக்குத் தேவையான ஆட்கள் அதே ஊரில் இருந்து பெயர் கொடுத்தார்கள்.

நத்தாருக்கு மௌசல் துறையைச் சுற்றி வண்ண விளக்குகள் போடுவார்கள். பார்க்க வெளியூரில் இருந்து சனம் வரும். ஆனால் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 19 இரவு எட்டு மணிக்கு அந்த விளக்குகளை ஒரு மணி நேரம் அணைத்துவிடுகிறார்கள். ஒரு சிலுவையும் தேவதைகளும் மட்டும் எரியும்.

நாங்கள் துறைச் சுவரோரம் நின்றோம். எட்டு மணிக்கு இருட்டு விழுந்தது. எங்களுக்குப் பக்கத்தில் மைக் இல்லை, பேச்சு இல்லை. அலைச் சத்தம் மட்டும். ஒரு வயதானவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார். எங்கள் கடற்கரையில், போன தோணி திரும்பாத இரவுகளில் பெண்கள் லாம்பைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். இவர்கள் விளக்கை அணைத்துவிட்டு நிற்கிறார்கள். அந்த ஒரு மணி நேரமும் நான் மாங்கேணிக் கரையில்தான் நின்றேன்.

எழுதாமல் விட்ட பெயர்கள்

மனதில் பட்ட எல்லாவற்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். பெயரை மதிக்கத் தெரிந்த அதே சனம், தாங்கள் ஆண்ட நாடுகளில் பெயரை மறைத்ததும் உண்டு. 1917இல் போர்க் கல்லறை ஆணைக்குழுவைத் தொடங்கியபோது பதவி, இனம், மதம் பார்க்காமல் எல்லாரையும் சமமாக நினைவுகூருவோம் என்றார்கள். ஆனால் முதல் போரில் அவர்களுக்காகச் செத்த ஆபிரிக்கர், ஆசியர் எத்தனையோ பேரின் பெயரை எழுதவே இல்லை. குறைந்தது 1,16,000 பேர், மூன்றரை இலட்சம் வரை இருக்கலாம் என்று அந்த ஆணைக்குழுவே அமைத்த விசாரணைக் குழு 2021இல் சொன்னது. ஆணைக்குழு மன்னிப்புக் கேட்டது. நூறு வருடம் பிந்திய மன்னிப்பு. இருந்தாலும் பிழையைத் தாங்களே தேடி எழுதினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

கல்லடிப் பாலத்தைத் தாண்டும்போது இனி நான் அதையும் நினைப்பேன். ஆளுநரின் மனைவி பெயர் அங்கே இருக்கிறது. வாவிக்குள் இறங்கி அந்தத் தூண்களை நிறுத்திய கூலிகளின் பெயர் எங்கே?

அந்தக் குறையை அவர்கள் மேல் மட்டும் போடவும் எனக்கு மனம் வரவில்லை. 78 சூறாவளி, முப்பது வருடப் போர், 2004 மார்கழி 26 சுனாமி என்று எங்கள் கரை கொடுத்த உயிர்களுக்குக் கணக்கு இருக்கிறது. இலங்கை முழுக்கச் சுனாமியில் 30,000க்கு மேல் என்கிறோம். அந்த எண்ணுக்குள் இருக்கிற ஒவ்வொருவரின் பெயரும் அவரவர் வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. வீட்டில் இருந்தவர்களும் போய்விட்டால் பெயரும் போய்விடும். திவசத்துக்குச் சோறு படைக்கிறோம், விளக்கு வைக்கிறோம், மூன்று தலைமுறைக்குப் பிறகு யாருக்கு என்று தெரியாமல் போகிறது.

தம்பியின் மகனுக்குப் பதில் சொன்னேன். "ஓம் மனே, நம்மட ஆக்கள் மாதிரித்தான். அவங்களும் கடலுக்குப் போறாங்க, அவங்கட ஆக்களும் செத்துப் போறாங்க. ஆனா அவங்க பேர எழுதி வெக்கிறாங்க."

அவன் உள்ளே ஓடிப்போய் ஒரு புதுக் கொப்பியைக் கொண்டுவந்து தந்தான். முதல் பக்கத்தில் சித்தப்பாவின் பெயரை எழுதினோம். பிறந்த ஆண்டு யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. தெருவின் அந்தக் கரையில் இருக்கிற பெரியம்மாவிடம் போனோம். அவவுக்குத் தெரிந்திருந்தது. சித்தப்பாவோடு அன்றைக்குப் போன மற்ற இருவரின் பெயரையும் அவவே சொன்னா. மூன்று பெயர் ஆயிற்று. கடல் அடங்கும் வரைக்கும் பின்னேரங்களில் ஒவ்வொரு வீடாகப் போகிறோம்.

வாசிக்கிற உங்களிடம் ஒரு வேண்டுகோள். கல்லுக்கும் தூணுக்கும் காசு வேண்டும், காத்திருக்கலாம். கொப்பிக்குக் காத்திருக்க வேண்டாம். காயங்கேணியோ, பனிச்சங்கேணியோ, வாகரையோ, கதிரவெளியோ, நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், வயது போனவர்கள் இருக்கிறபோதே போய்க் கேளுங்கள். கடலில் போனவர், காற்றில் போனவர், போரில் போனவர், எந்தப் பக்கம் என்று பார்க்காமல் பெயரை எழுதுங்கள். எங்கள் பெரியம்மாவுக்கு இப்போது எண்பத்தாறு வயது.